மதார் சாகிப் சொன்ன தூரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஜனங்களிடம் வழி கேட்டுவிட்டு நடக்கிறவன் பாடு திண்டாட்டம்தான். கால் மைலோ ஆறு மைலோ, அவர்களுக்கு எல்லாமே கூப்பிடு தூரம். "இந்தா, கூப்பிடு தூரந்தான்" என்று கையை மேற்கே நீட்டி வாய் நிறையச் சொல்லிவிடுவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் கிடையாது. நடக்கப் போகிறவனிடம் ஆறு மைல் என்று சொன்னால் அவனுக்கு இப்போதே கால் வலிக்குமே என்கிற இரக்கம். இந்தப் பாழாய்ப்போன இரக்கத்தை நம்பி வெயிலில் காய்ந்தவர்கள் எத்தனை பேரோ தெரியாது.

அந்த வார்த்தையை ஊரிலேயே அதிகமாகச் சொன்ன வாய் ஜட்கா மதார் சாகிப்பின் வாய். அப்பா காலத்திலிருந்து குதிரை வண்டிதான் பிழைப்பு. இருபத்தேழாம் வருஷம் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் விட்டதும், கடைவீதி ஸ்டாண்டை விட்டுவிட்டு ரயிலடி வாசலுக்கு வந்துவிட்டார். வந்ததில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஐப்பசி மழை விழுந்து செண்பகத்தோப்பு ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் போதும், சிவகாசி, ராஜபாளையம், சாத்தூர் என்று நாலா திசையிலிருந்தும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஜனம் வந்து இறங்கும். சிலருக்குக் காட்டழகர் கோயில் கும்பிடு. பலருக்கு மலையடிவாரத்துத் தண்ணீரில் கிடந்துவிட்டு, புளியோதரையைத் தின்றுவிட்டு, சாயங்கால ரயிலைப் பிடிப்பதுதான் கும்பிடு.

தோப்புக்குப் போக என்னென்ன வழி என்று கேட்டால் மதார் சாகிப் ஒரு பாட்டம் பாடிவிடுவார். பெரிய இடத்து ஆள்களென்றால் பிளஷர் கார், ஆனால் பாதி வழியில் மணலில் சிக்கினால் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ள வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மாட்டு வண்டி, ஆனால் போய்ச் சேருவதற்குள் கட்டுச்சோறு ஊசிப்போகும். பஸ் வத்திராயிருப்புக்குப் போகும், ராஜபாளையத்துக்குப் போகும், தோப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஆகக்கூடி, ஒன்றேகால் மணி நேரத்தில் இடுப்பு நோகாமல் கொண்டுபோய் இறக்குவது மதார் சாகிப்பின் ஜட்காதான் என்று முடியும் அந்தப் பாட்டு. அடியில் புதுப்புல், மேலே ஜமுக்காளம், குதிரைக் கழுத்தில் வெண்கல மணி. அவர் சொல்வதில் பொய்யில்லை.

வண்டியில் ஏறிய பிறகு, இன்னும் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டுவிட்டால் கொண்டாட்டம்தான். கூப்பிடு தூரந்தான் என்பார். சந்தேகப்பட்டால் வண்டியை நிறுத்திவிட்டு, வாயருகே கையைக் குவித்து, "ஏ மலையே" என்று ஒரு சத்தம் போடுவார். பதில் வராது. "கேட்டிருச்சு. புது ஆளு இருக்கவும் கூச்சப்படுது" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டுவார். வண்டியிலிருக்கும் பெண்டு பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிக்கும். அப்படிப்பட்ட மனுஷன்.

ஜட்காக்காரர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. காலையில் முதல் முதலாக வந்து சவாரி கேட்கிற ஆளிடம், வரமாட்டேன் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அன்றைக்குப் போணி கெட்டுவிடும், எடுத்த காரியம் விளங்காது. வேறு வேலை இருந்தால் லாடம் தேய்ந்துபோச்சு, அச்சு முனகுது என்று சுற்றி வளைத்து, கேட்ட ஆளே வேண்டாம் என்று சொல்லும்படி செய்துவிட வேண்டும். மறுப்பு அந்த ஆள் வாயிலிருந்து வரலாம், வண்டிக்காரன் வாயிலிருந்து வரக்கூடாது. மதார் சாகிப் முப்பது வருஷத்தில் ஒருநாளும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. மீறியிருந்தால் தேவலை என்று பின்னால் எத்தனையோ நாள் நினைத்தார்.

நாற்பத்தோராம் வருஷம் ஐப்பசி மாதம். அவருக்கு ஒரே மகள், சௌதா. அவளைப் பெண் பார்க்கச் சிவகாசியிலிருந்து சேக் முகைதீன் என்கிற காகிதக் கடைக்காரர், மகனுக்காகக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பத்தரை மணி ரயிலில் வருவார்கள் என்று பேச்சு. மதார் சாகிப் விடியலிலேயே குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, மணியைப் புளி போட்டு விளக்கி, ஜமுக்காளத்தைத் துவைத்துப் போட்டு, எட்டு மணிக்கெல்லாம் ரயிலடிக்கு வந்துவிட்டார். சம்பந்தி வீட்டாரைத் தன் வண்டியில் தானே ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறக்க வேண்டும். அதுதான் அன்றைக்கு அவருக்கு உலகம்.

ஒன்பதேகாலுக்குத் தென்காசிப் பக்கத்து ரயில் வந்தது. வாசலில் நின்ற மற்ற இரண்டு ஜட்காக்களும் ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் தனியாக வந்தாள். ராஜபாளையத்தில் ஏறியவள். கையில் ஒரு தூக்குச் சட்டி. மூச்சிரைக்க வந்து, செண்பகத்தோப்புக்கு வண்டி வருமா என்று கேட்டாள். அன்றைக்கு அவரிடம் வந்து கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"எந்தம்பி பட்டாளத்துல இருக்கான் அண்ணாச்சி. கப்பலேறப் போறானாம். கூட்டாளிமாரோட தோப்புக்குக் குளிக்க வந்திருக்கான், பதினோரு மணிக்கு அங்கன இருந்தே கெளம்புதான். அதுக்குள்ள அவனப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும்."

மதார் சாகிப்பின் காதில் இது விழுந்தது. விழவில்லை என்று பின்னால் அவர் ஒருநாளும் சாதித்ததில்லை. ஆனால் கண் தண்டவாளத்தின் மேலும், கை குதிரையின் பிடரி மேலும் இருந்தன. தோப்புக்குப் போய்த் திரும்ப இரண்டரை மணி நேரம். பத்தரை மணிக்குச் சம்பந்தி வந்து வாசலில் நின்றால் என்ன ஆவது? வரமாட்டேன் என்று சொல்லலாம் என்றால், மகளைப் பெண் பார்க்க வருகிற நாளில் முதல் போணியையா மறுப்பது? லாடம் தேய்ந்துபோச்சு என்று சொல்லலாம் என்றால், பளபளவென்று நிற்கிற குதிரையைப் பார்க்கிற யாரும் நம்பமாட்டார்கள். நாக்கில் எப்போதும் தயாராக இருந்த சொல்தான் வந்தது.

"தோப்புக்கு வண்டி என்னத்துக்குத் தாயி? ஊரத் தாண்டுனாக் கூப்பிடு தூரந்தான். மேக்க பாத்து நடங்க, வந்துரும்."

அவள் முகம் மலர்ந்திருக்க வேண்டும். "கர்த்தர் உங்க குடும்பத்த நல்லா வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நடக்கவில்லை, ஓடினாள். மதார் சாகிப்புக்கு ரொம்பத் திருப்தி. மறுக்கவும் இல்லை, போகவும் இல்லை, வாழ்த்து வேறு கிடைத்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் போன வழியில் கடைவீதி ஸ்டாண்டில் மூன்று ஜட்கா சும்மா நின்றன. கூப்பிடு தூரத்துக்கு யாராவது வண்டி பிடிப்பார்களா? அவற்றைத் தாண்டிப் போய்விட்டாள். ஆறு மைல் என்று சொல்லியிருந்தால் அங்கே ஏறியிருப்பாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட அங்கே யாரையாவது கேட்டு ஏறியிருப்பாள்.

பத்தரை மணி ரயில் வந்தது. சம்பந்தி வீட்டார் அதில் இல்லை. அடுத்த ரயிலில் வருவார்களாயிருக்கும் என்று மதார் சாகிப் மணியை இன்னொரு தரம் துடைத்துவிட்டு நின்றார். ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டு ஆள் தேடிக்கொண்டு வந்து, அவர்கள் சிவகாசி பஸ்ஸில் காலையிலேயே வந்துவிட்டார்கள், பெண்ணின் தகப்பனைக் காணோமே என்று இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னார். வண்டியும் குதிரையும் அவரும், மூன்று பேரும் ஐந்து மணி நேரம் எதற்கும் உதவாமல் வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

வீட்டில் நசீமா கண்ணாலேயே புருஷனை வறுத்தெடுத்தாள். ஆனாலும் காரியம் பழுத்தது. சௌதாவை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தையில் நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள். சாயங்காலம் ஆறு மணி ரயிலுக்கு அவர்களைத் தன் வண்டியிலேயே கொண்டுவந்து ஏற்றிவிட்டு, பூரித்துப்போய் வெளியே வந்தார் மதார் சாகிப். வாசலில் தண்ணீர்க் குழாயடியில், காலையில் பார்த்த பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். ராஜபாளையம் போகிற ரயிலுக்குக் காத்திருந்தாள்.

மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த சந்தோஷத்தில், தம்பியைப் பார்த்தாச்சா தாயி என்று பத்தடி தூரத்திலிருந்தே கேட்டுக்கொண்டு போனார். அவள் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை. ஓடிப்போய் ஒரு செம்பில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். குடித்தாள். பிறகும் குரல் வரவில்லை. அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"கூப்பிடு தூரம்னு சொன்னியள்லா. ஊரத் தாண்டுனதுல இருந்து அருளு, அருளப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே போனேன். எஞ்சத்தம் கேட்டாச் செத்த நேரம் நிப்பான்லா. இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு தோப்பு வரைக்கும் கூப்பிட்டேன். நான் போறதுக்குள்ள லாரியேறிப் போயிட்டாவளாம்."

குற்றம் சொல்கிற மாதிரி அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஏசியிருந்தால் மதார் சாகிப் பதில் பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் சொன்னாள். தாய் தகப்பன் இல்லாத தம்பி. மூன்று வயசிலிருந்து அவள் வளர்த்த பிள்ளை. மரக்கடை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், அவளைக் கேட்காமல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அவன் வந்து சொன்ன நாளில் ஆத்திரத்தில் தெருவே கேட்க வைதுவிட்டாள்.

"போனவன் போனவனாவே இருன்னு சொல்லிட்டேன் அண்ணாச்சி. என் வாயி என்ன வாயி. லீவுல வந்தும் எங்கிட்ட வரல அவன். அந்தச் சொல்லத் திருப்பி எடுத்துக்கிடணும்னுதான் வந்தேன்."

ராஜபாளையம் ரயில் வந்துவிட்டது. அப்போதாவது நான்தான் தாயி தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டாளத்துக்குப் போனவன் சீக்கிரம் வந்துவிடுவான், கவலைப்படாதே என்று ஒன்றைச் சொன்னார். அதுவும் நாக்கில் தயாராக இருந்த சொல்தான். எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். தேவதானம் என்று உதடு அசைந்தது. பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

அன்றோடு மதார் சாகிப்பின் வாயிலிருந்து கூப்பிடு தூரம் போய்விட்டது. யார் எந்த இடம் கேட்டாலும் மைல், பர்லாங் என்று சொல்ல ஆரம்பித்தார். தோப்பு ஆறு மைல், நடக்கிறவனுக்கு இரண்டேகால் மணி, வெயில் ஏறிவிட்டால் இன்னும் அரைமணி கூட என்பார். இப்படிப் பேசினால் யாருக்குப் பிடிக்கும்? வழி கேட்க வந்தவர்கள் முகம் சுண்டிப்போனார்கள். ரயிலடியில் அவருக்கு மைல்கல் சாயபு என்று பேர் வைத்துவிட்டார்கள். மலையைக் கூப்பிடுகிற விளையாட்டும் நின்றது. வண்டியில் ஏறுகிறவர்கள், பழைய சாயபு எங்கே போனார் என்று கேட்டார்கள். அவர் குதிரையைத் தட்டிவிட்டார்.

ஒரு நாள் நசீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள், நேரே போய் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாரும் என்றாள். "தேவதானம் என்ன சீமையிலயா இருக்கு? ரயிலேறுனா அரை நாளு."

அரை நாள்தான். அந்த அரை நாள் அவருக்கு நாலேகால் வருஷம் கிடைக்கவில்லை. நிக்காஹ் முடியட்டும் என்றார். நிக்காஹ் முடிந்த மறு மாசம் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்துவிட்டது என்று ரயிலடிக் காப்பிக்கடையில் பத்திரிகை வாசித்தார்கள். கப்பலேறிப் போன நம் பட்டாளம் அத்தனையும் அங்கே பிடிபட்டுவிட்டதாம். அதைக் கேட்ட பிறகு அவருக்குக் கால் எழவில்லை. போய் நின்று, தம்பி எங்கே தாயி என்று கேட்டு, செத்துப்போனான் என்று அவள் சொல்லிவிட்டால்? போகாமல் இருக்கிறவரைக்கும் அவன் எங்கேயோ உயிரோடு இருப்பான், அவளும் தேவதானத்தில் காத்துக்கொண்டிருப்பாள். பிறகு கொள்ளுக்குப் பஞ்சம், அரிசிக்குப் பஞ்சம், சௌதாவின் தலைப்பிரசவம், இரண்டாவது பிரசவம் என்று ஏதாவது ஒன்று கை கொடுத்தது. சாக்குக்கு மட்டும் பஞ்சமே வரவில்லை. ராஜபாளையத்திலிருந்து வரும் ஒவ்வொரு ரயிலிலும் அவள் இறங்குகிறாளா என்று மட்டும் பார்த்தார். இறங்கினால் கையெடுத்துக் கும்பிட்டு, வண்டியிலேற்றி, எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடலாம் என்று இருந்தார். அவள் வரவில்லை. அவளுக்கு இங்கே வர என்ன இருக்கிறது?

நாற்பத்தாறு தை, மாசியில் சிங்கப்பூர்க் கைதிகள் ஊர் திரும்ப ஆரம்பித்தார்கள். எலும்பும் தோலுமாகத் தோளில் ஒரு பையோடு இறங்குவார்கள். மதார் சாகிப் ஒவ்வொருவரையும் மடக்கி, தேவதானத்து அருளப்பனைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றே பலரும் சொன்னார்கள். பங்குனியில் ஐயாதுரை என்கிற ஒருவர், லாரி டிரைவர் அருளப்பன்தானே, என் கேம்பில்தான் இருந்தான், எனக்கு ஒரு மாசம் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டான் என்றார். மதார் சாகிப் நடுரோட்டில் நின்று அவரைக் கட்டிக்கொண்டார். அவர் மிரண்டுபோனார்.

மறுநாளே ரயிலேறினார். மனசு அப்படி லேசாயிருந்தது. தம்பி வந்துவிட்டான், அக்கா அவனை மடியில் போட்டு அழுதிருப்பாள், அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டிருப்பாள். தான் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டால் இரண்டு பேரும் சிரித்துக்கூட விடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாருங்கள், அக்காவையும் தம்பியையும் என் வண்டியிலேயே தோப்புக்குக் கூட்டிப்போய், கூட்டிவந்து விடுகிறேன் என்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ராஜபாளையத்தில் இறங்கி, பெட்ரோல் பஞ்சத்தால் பின்னால் அண்டா மாதிரிக் கரியடுப்பைச் சுமந்துகொண்டு இருமிக்கொண்டே போகிற பஸ்ஸில் ஏறிச் சேத்தூரில் இறங்கினார். தேவதானம் எவ்வளவு தூரம் என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டார். அவர் மேற்கே கையை நீட்டி, கூப்பிடு தூரந்தான் பாய் என்றார். மதார் சாகிப் மேற்கே பார்த்து நடந்தார்.

மாதா கோயில் தெருவில், கருத்தம்மா என்று ஒரு பெண்பிள்ளை உரலில் ஏதோ இடித்துக்கொண்டிருந்தாள். அருளப்பன் வீட்டைக் கேட்டார். அடுத்த வீடுதான், ஆள் உள்ளே இருக்கிறான் என்றாள். அக்கா இருக்காவளா என்று கேட்டார். அவள் உலக்கையை நிறுத்தினாள்.

"யாரு, அன்னத்தாயா? அவ போயி ரெண்டு வருசமாச்சே பாய். காய்ச்சல்ல போயிட்டா."

அவள் பெயர் அன்னத்தாய் என்பது மதார் சாகிப்புக்கு அப்போதுதான் தெரிந்தது. சிங்கப்பூர் விழுந்த பிறகும் இரண்டு வருஷம் உயிரோடு இருந்திருக்கிறாள். அந்த இரண்டு வருஷத்தில் எந்த அரை நாளில் வந்திருந்தாலும் பார்த்திருக்கலாம். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றார். கருத்தம்மா அதற்குள் அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்துவிட்டாள்.

அருளப்பனுக்கு முப்பது வயசுகூட இருக்காது. தலை பாதி நரைத்திருந்தது. யாரென்று தெரியாவிட்டாலும் உள்ளே கூப்பிட்டு, பாயை விரித்து உட்காரச் சொன்னான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். மதார் சாகிப் அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ரயிலடியில் அவள் வந்து கேட்டது, தான் சொன்னது, எதற்காகச் சொன்னது, அவள் கூப்பிட்டுக்கொண்டே போனது, சாயங்காலம் குரல் இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது, எந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள வந்தாள் என்பது. ஒன்றையும் விடவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை சேர்க்கவுமில்லை.

அருளப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முடிந்த பிறகும் சுவரைத்தான் பார்த்தான். பிறகு, அந்த ஐப்பசியில் அக்கா ஒரு வாரம் பேச்சில்லாமல் கிடந்தாளென்று கருத்தம்மாக்கா சொன்னாள், பனியில் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்தார்களாம், ராஜபாளையம் சந்தைக்குப் போனதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள் என்றான். தெருவே கேட்க வைதவள், அதே தெருவில் யாரிடம் போய், சமாதானம் பேசப் போனேன், அவன் போய்விட்டான் என்று சொல்லுவாள்?

"நாந்தான் சொல்லிவிட்டேன், இன்ன எடத்துல இருக்கேன், இத்தன மணிக்குக் கெளம்புதேன்னு. அக்கா வருவான்னு இருந்தேன். பதினோரு மணிக்கு மேல கால்மணி நேரம் நின்னு பாத்தேன். சொன்ன சொல்லுல நின்னுட்டாளேன்னு லாரிய எடுத்தேன். கடுதாசி ஒண்ணு போடல. அங்க பட்டினியில கெடக்கையிலயும் அந்தக் கோவந்தான். வந்து பாத்தா, கல்லற இருக்கு. அப்பவும் கோவந்தான் சாயபு, ஒரு எட்டு வந்திருக்கலாம்லா அக்கான்னு."

மதார் சாகிப் பாயை விட்டு எழுந்து அவன் முன்னால் நின்று, என்னை என்ன வேண்டுமானாலும் செய் தம்பி என்றார். அவன் ஒன்றும் செய்யவில்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை.

"இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். கோவமாவே இருந்துட்டுப் போயிருப்பேன். அது லேசா இருந்துச்சு."

நாலேகால் வருஷம் சுமந்ததை இறக்கி வைக்கத்தான் வந்தார் மதார் சாகிப். இறக்கி வைக்கவும் செய்தார். இந்தப் பிள்ளையின் தலையில் இறக்கி வைத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. வராமலே இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் இருக்கும்போது வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் இந்த நேரத்தில் வந்து நிற்கிறோமே என்று நினைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

அருளப்பன் திடீரென்று நிமிர்ந்தான். எத்தனை மணிக்கு அவள் ரயிலடியிலிருந்து நடந்தாள் என்று கேட்டான். ஒன்பது இருபது இருக்கும் என்றார். ஊருக்குள் எவ்வளவு தூரம், ஊரைத் தாண்டித் தோப்புக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டான். ஊர் முடிய ஒன்றரை மைல், அதற்கு மேல் நாலரை மைல் என்றார். அவன் உதட்டுக்குள் என்னவோ கணக்குப் போட்டான். முகம் மாறியது. எழுந்து மூலையிலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவி ஒரு சேலையை எடுத்தான். பச்சைச் சுங்கடி. மடிப்பில் நிறம் போய் வெளுத்திருந்தது.

"அன்னைக்கு நாந்தான் லாரி ஓட்டுனேன். மரக்கடை லாரிய கடைசியா ஒருதரம் ஓட்டிக்கிடுதேன்னு கேட்டு வாங்குனேன். தோப்ப விட்டு ஒரு மைல் வந்திருக்கும். நடு ரோட்டுல ஒரு பொம்பள, வெயிலுக்கு முக்காடு போட்டுக்கிட்டு, கைய ஆட்டிக்கிட்டு வந்தா. என்னமோ சொன்னா. எஞ்சின் எரைச்சல்ல கேக்கல. ஆரன அடிச்சேன். ஓரத்துல ஒதுங்கி நின்னா. பச்சைச் சேல."

அவன் அந்தச் சேலையை விரித்து, இரண்டு கையாலும் ஏந்தி மதார் சாகிப்பின் முன்னால் நீட்டினான்.

"அன்னைக்கு அக்கா கட்டியிருந்தது இதா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நீலம், கண்டாங்கி, எதையாவது சொல்லலாம். நாக்கில் எல்லாம் தயாராக வந்து நின்றன. வாழ்நாள் முழுக்க ஜனங்களுக்கு இதமாகச் சொல்லிப் பழகிய நாக்குக்கு இது ஒரு பெரிய வேலையா? மதார் சாகிப் சேலையைப் பார்த்தார். காலையில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்துப் பார்த்தார். சாயங்காலம் தலை குனிந்தபடியே இருந்ததை நினைத்துப் பார்த்தார். அவள் கையிலிருந்த தூக்குச் சட்டி நினைவிருந்தது, குரல் இல்லாத குரல் நினைவிருந்தது, மற்றது ஒன்றும் இல்லை. சேலை நிறமும் தெரியவில்லை, முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ரயிலில் அவள் இறங்குகிறாளா என்று நாலு வருஷம் பார்த்தாரே, இறங்கியிருந்தாலும் அடையாளம் கண்டிருப்பாரா?

"ரெண்டு தடவ எம்முன்னால நின்னாவ தம்பி" என்றார். "ரெண்டு தடவையும் நான் பாக்கல."

அருளப்பன் சேலையை மடிக்கவும் இல்லை, பெட்டியில் வைக்கவும் இல்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.